வாங்கும் முன் கேளுங்கள்: கண்ணாடி மணியும் கேஸ் சிலிண்டரும்

வீட்டில் டார்ச் வைத்துக் கண்ணாடிக் கம்பியை உருக்கி மணி, பதக்கம் செய்கிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இத்தனை பேர் இருப்பது கடிதங்கள் வந்த பிறகுதான் தெரிகிறது. லேம்ப்வொர்க் என்கிற இந்த வேலை பற்றி வந்தவற்றைச் சுருக்கி ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் இரண்டு சமையல் சிலிண்டர் இருக்கிறது. ஒன்றை டார்ச்சுக்கு எடுத்துக்கொள்ளலாமா? மணிகளைக் கொஞ்சம் விற்கவும் செய்கிறேன்.
*— வாசகி, காரிமங்கலம்*

பதில்: கூடாது. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான் என்று 2000-ஆம் ஆண்டு எல்பிஜி ஒழுங்குமுறை ஆணை சொல்கிறது. நீங்கள் விற்காவிட்டாலும் அது பொருந்தும்.

உங்களுக்கு ஏற்றது 5 கிலோ 'ஃப்ரீ டிரேட்' சிலிண்டர். இண்டேனில் 'சோட்டு' என்று கேட்டால் தெரியும். முகவரிச் சான்று தேவையில்லை. ஓர் அடையாள அட்டை காட்டினால் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். தினமும் வேலை செய்கிறவர் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். வீட்டு கேஸுக்கு 5 சதவீதம் உள்ள ஜிஎஸ்டி இதற்கு 18 சதவீதம். மேஜையில் பொருத்தும் சின்ன பெஞ்ச் டார்ச் மணிக்கு 100 கிராம் அளவில் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோ நாற்பது மணி நேரத்துக்கு மேல் வரும். வேலைக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டு உங்கள் டார்ச்சின் கணக்கை நீங்களே எடுத்துவிடலாம்.

கேள்வி: ஆக்சிஜன் வேண்டாத ஒற்றை கேஸ் டார்ச் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். 'பெரிய சிலிண்டருக்கான ஹோஸ்' கூடவே வந்தது. ரெகுலேட்டர் வரவில்லை. தேவையில்லை என்கிறார் விற்றவர்.
*— பென்னாகரம்*

பதில்: அந்த ஹோஸின் மரை அந்த நாட்டு புரொப்பேன் சிலிண்டருக்கானது. நம் ஊர் வால்வில் உட்காராது, உட்கார்ந்தாலும் மாட்டாதீர்கள். அந்த வகை டார்ச் அரைக் கிலோகூட இல்லாத சின்னக் குப்பியின் தலையில் நேராகத் திருகிக்கொள்ளச் செய்தது. அங்கே குப்பிக்கும் டார்ச்சுக்கும் நடுவில் ஹோஸே கிடையாது. பெரிய சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் இல்லாமல் இழுத்தால் சிலிண்டருக்குள் இருக்கும் முழு அழுத்தமும் உங்கள் மேஜை வரை ஹோஸில் நிற்கும். சித்திரை வெயிலில் அது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஹோஸ் ஒரு இடத்தில் வெடித்தால் அறை நிறைய சில நொடி போதும். ஹோஸைத் திருப்பி அனுப்புங்கள். டார்ச்சை வைத்துக்கொண்டு, அழுத்தம் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரைச் சிலிண்டர் தலையிலேயே போடுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன்-கேஸ் பெஞ்ச் டார்ச் வாங்கி அடுப்பு ரெகுலேட்டரில் மாட்டினேன். தீ சோம்பலாக, மஞ்சளாக வருகிறது. அடுப்பு ரிப்பேர் கடைக்காரர், 'ரெகுலேட்டர் ஓட்டையைப் பெருசு பண்ணித் தரேன்' என்கிறார்.
*— பாலக்கோடு*

பதில்: அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

அடுப்பு ரெகுலேட்டர் வெளியே விடுவது சுமார் 30 மில்லிபார், அதாவது அரை பிஎஸ்ஐகூட (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) இல்லை. சின்ன பெஞ்ச் டார்ச் பெரும்பாலும் 2 முதல் 5 பிஎஸ்ஐ கேட்கும். டயலில் கிலோக் கணக்கு என்றால் 0.15 முதல் 0.35 வரை. வெல்டிங் சாமான் கடையில் எல்பிஜிக்கு என்றே வரும் அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரை, உங்கள் சிலிண்டர் வால்வுக்குச் சரியான அடாப்டருடன் கேளுங்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. அவை கேஸ் கட்டிங்குக்காகச் செய்தவை, வெளிப்பக்க டயலில் 4 கிலோ வரை அளவு இருக்கும். உங்களுக்கு வேண்டிய 0.2 அதில் முள்ளின் முதல் அசைவிலேயே முடிந்துவிடும். டயலை மட்டும் 0 முதல் 1 கிலோ அளவுள்ளதாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது ஹோஸ். அடுப்பு டியூப் குறைந்த அழுத்தத்துக்கு. அசிட்டிலீனுக்கு வரும் சிவப்பு ஹோஸை 'எல்லா கேஸுக்கும் ஒன்றுதான்' என்று தள்ளிவிடுவார்கள். எல்பிஜி அதன் உள் ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஹோஸின் மேலேயே எல்பிஜி அல்லது புரொப்பேன் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரெகுலேட்டரின் வெளிவாயில் ஒரு ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், அதாவது தீ ஹோஸ் வழியாகப் பின்னால் ஓடி வராமல் தடுக்கும் கருவி. அதன் மேல் இருக்கும் அம்பு டார்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிஜனுக்குத் தனியாக ஒன்று. கேஸ் பக்க மரை இடதுபக்கம் திருகும், ஆக்சிஜன் வலதுபக்கம் திருகும். மாறிப் போகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. திருகவில்லை என்று ஸ்பானரை வைத்து முறுக்கிப் பித்தளையைக் கெடுக்கிறவர்கள் இந்தப் பத்திக்கு எழுத வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் டார்ச் மூடியபடி சிலிண்டரைத் திறந்து, டயலில் அழுத்தம் ஏறியதும் சிலிண்டரை மூடிவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஆக்சிஜன் இணைப்பு இறுகிவிட்டது. துளி தேங்காய் எண்ணெய் விடலாமா?
*— ஊத்தங்கரை*

பதில்: விடாதீர்கள். எண்ணெய்ப் பசையும் அழுத்தமுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் நெருப்பு வைக்காமலே பற்றும். தலையில் எண்ணெய் தடவிய கையையும் கழுவிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாத்திரக் கடையில் 2 கிலோ, 3 கிலோ குட்டி சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது. அவர்களே கேஸும் நிரப்பித் தருகிறார்கள். டார்ச்சுக்கு இது போதாதா?
*— கல்லூரி மாணவர், தர்மபுரி*

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஊர் ஊருக்குக் கடை வாசலில் கலர் கலராக அடுக்கி வைத்திருக்கும் இந்தக் குட்டி சிலிண்டரைப் போல எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் சரக்கு வேறு இல்லை.

முதலில் தகடு. எல்பிஜி சிலிண்டருக்கான ஐஎஸ் 3196 முத்திரை அதில் இருக்காது. பரிசோதனைத் தேதி இருக்காது. முறையான சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள், ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 28' என்றால் 2028 ஜூன் வரைதான் அது புழங்கலாம். குட்டி சிலிண்டரில் அந்த இடத்தில் பெயின்ட் மட்டும்தான்.

அடுத்தது நிரப்புவது. 14.2 கிலோ சிலிண்டரின் உள் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் திரவம் நிற்பது சுமார் 26 லிட்டர்தான். மீதியைக் காலியாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் எல்பிஜி திரவம் நன்றாக விரியும், விரிய இடம் வேண்டும். கடைப் பையன் வீட்டு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் ஒரு டியூபைச் செருகி, தராசே இல்லாமல் 'நிறைஞ்சிடுச்சு' என்கிறானே, அப்போது அந்த இடம் போய்விடுகிறது. ததும்ப நிரம்பிய குப்பி தர்மபுரி மத்தியான வெயிலில் ஸ்கூட்டரில் போகும்போது திரவம் தகட்டையே தள்ளும். நிரப்பும்போது சிந்துகிற கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஓடிப் பக்கத்து டீக்கடை அடுப்பைத் தேடிப் போகும்.

இப்படி உரிமமில்லாமல் மாற்றி நிரப்புவது 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி குற்றம். தெரிந்துதான் விற்கிறார்கள், அதனால்தான் பில் தருவதில்லை. மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு இதை வாங்குகிறவரிடம் எனக்கு இரக்கம் குறைவு. நீங்கள் மாணவர், கேட்டுவிட்டாவது வாங்க நினைத்தீர்கள். 5 கிலோ சோட்டு போதும்.

கேள்வி: மார்கழி வந்தால் பாதி சிலிண்டரிலேயே தீ இறங்கிவிடுகிறது, சிலிண்டர் வியர்த்துப் பனி பூக்கிறது. ஏஜென்சி எடை குறைத்துத் தருகிறதா?
*— தளி*

பதில்: ஏஜென்சியைத் திட்டும் முன் சிலிண்டரை எடை போடுங்கள். காலி எடை அதன் மேலேயே எழுதியிருக்கிறது. வாங்கும்போது உங்கள் முன்னால் எடை போடச் சொல்லவும் உரிமை உண்டு.

உங்கள் விஷயத்தில் குற்றவாளி குளிர். நம் எல்பிஜி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட 0 டிகிரி வேண்டும். அதனால் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகித் தீர்ந்துபோகும். அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையும் உறிஞ்சுகிறது. சின்ன சிலிண்டர், பெரிய தீ, ஓசூர்ப் பக்கத்துக் காலைக் குளிர் மூன்றும் சேர்ந்தால் அழுத்தம் படுத்துவிடும். 19 கிலோவுக்கு மாறுங்கள், அல்லது வெயில் ஏறியபின் வேலை செய்யுங்கள். சாதாரணத் தண்ணீர் உள்ள தொட்டியில் சிலிண்டரை நிற்க வைத்தாலும் குணம் தெரியும். வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் அடுப்பு மூட்டுவது, படுக்க வைப்பது எதுவும் கூடாது. படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே ஹோஸுக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் சுமார் 250 லிட்டர் கேஸ்.

கேள்வி: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கொரோனா காலத்து ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?
*— ஓசூர்*

பதில்: எடுக்கலாம், ஓடவிட்டுப் பார்த்து. மணிக்கணக்கு மீட்டரைப் படியுங்கள். 5 லிட்டரில் வைத்து இருபது நிமிடம் ஓட்டி, ஆக்சிஜன் அனலைசரால் அளக்கச் சொல்லுங்கள். 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உள்ளே நைட்ரஜனை உறிஞ்சிப் பிரிக்கும் ஜியோலைட் ஈரம் குடித்துவிட்டது. மூட்டை கட்டி மூலையில் போட்ட மெஷினுக்கு வரும் நோய் அது. மாற்றும் செலவு நீங்கள் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். 'அனலைசர் இல்லை, ஊதுது பாருங்க' என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். காற்று எதிலிருந்தும்தான் ஊதும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரப்பதக் குப்பியைக் கழற்றிவிட்டு, மெஷினுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கேஸ் பின்வாங்கி மெஷினுக்குள் போகக்கூடாது.

கேள்வி: உருகும் கண்ணாடியின் மஞ்சள் வெளிச்சத்தை மறைக்கும் டிடிமியம் மூக்குக் கண்ணாடி என்று ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— காவேரிப்பட்டணம்*

பதில்: ஈரமான இரும்புக் கம்பியில் சிட்டிகை உப்பைத் தொட்டு அடுப்புத் தீயில் காட்டுங்கள். தீ பளீரென்று மஞ்சளாகும். கண்ணாடி வழியாகப் பாருங்கள். அசல் என்றால் அந்த மஞ்சள் காணாமல் போய், கம்பி நுனி தெளிவாகத் தெரியும். சாயம் பூசியது என்றால் மஞ்சள் கொஞ்சம் மங்கி அப்படியே நிற்கும். என் மேஜை டிராயரிலும் அப்படி ஒரு ரோஸ் கலர் சாயக் கண்ணாடி கிடக்கிறது, விலை உங்களுடையதைவிட அதிகம். அதிகச் சூடு கேட்கும் போரோசிலிகேட் கண்ணாடியை உருக்குகிறவருக்கு அசல் டிடிமியமும் போதாது. அந்தச் சூட்டின் வெளிச்சத்துக்கு வெல்டிங் ஷேடு சேர்ந்த கண்ணாடி வேண்டும்.

கேள்வி: பிரோசாபாத் கம்பியையும் இத்தாலிக் கம்பியையும் சேர்த்துச் செய்த மணிகள் ஒரு வாரத்தில் வெடிக்கின்றன. யாரிடம் புகார் செய்வது?
*— போச்சம்பள்ளி*

பதில்: கண்ணாடியிலேயே செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஆறும்போது சுருங்கும் அளவு வேறு. முனைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி நூலாக இழுங்கள். ஆறியதும் நூல் வளைந்தால் சேராது. இதை மொத்தமாக வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். சிலிண்டரை மேஜைக்கு அடியில் வைத்து, வாசத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமா?
*— கிருஷ்ணகிரி*

பதில்: மேஜைக்கு அடியில் வேண்டாம். சிலிண்டர் வெளியே, நிழலில், நிமிர்ந்து, சங்கிலி போட்டு. பக்கத்தில் சம்ப் மூடியோ சாக்கடை வாயோ கிணறோ இருக்கக்கூடாது, கசிந்த கேஸ் அதற்குள் இறங்கித் தங்கிவிடும். மாடியில் அதற்கு இடமில்லை என்றால் அந்த வீட்டில் இந்த வேலை இல்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் தீக்கு மேலே, உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம். உங்கள் முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? ஆக்சிஜன் டார்ச்சின் புகையில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு.

ஏற்றும்போது கேஸ் முதலில், ஆக்சிஜன் பிறகு. அணைக்கும்போது ஆக்சிஜன் முதலில், கேஸ் கடைசியில். தீ உள்ளே திரும்பி டார்ச் 'கீச்' என்று கத்தினாலும் முதலில் மூட வேண்டியது ஆக்சிஜன்தான். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

கேள்வி: ஐஎஸ்ஐ ரெகுலேட்டர் என்று ஆன்லைனில் வாங்கியது முதல் நாளே கசிந்தது. 'சீல் பிரித்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். கணவர் இல்லாத நேரம், குழந்தை பக்கத்தில் இருந்தது.
*— பர்கூர்*

பதில்: அம்மா, பிரிக்காமல் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பதாம்? தப்பு உங்களுடையது இல்லை. விட வேண்டாம்.

ரெகுலேட்டரைத் தூக்கிப் போடாமல், நுரை குமிழிவிடுவதை வீடியோ எடுங்கள். ஐஎஸ்ஐ குறிக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். எண்ணே இல்லையென்றால் போலி, அந்தச் செயலியிலேயே புகார் தரலாம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கடைகள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பணத்தோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: வெல்டிங் சாமான் கடையில் பில் கேட்டால் 18 சதவீதம் கூட ஆகும் என்கிறார்.
*— அரூர்*

பதில்: ஆகட்டும், போடச் சொல்லுங்கள்.