வாசிலோபிட்டா வெட்டக் கூப்பிட்டிருக்கிறார்களா?

கிரேக்க நாட்டுத் தெசலோனிகிக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, வீட்டுக்கார அம்மா டிசம்பர் 31 இரவு வாசிலோபிட்டா, அதாவது உள்ளே ஒரு காசை ஒளித்து வைக்கிற புத்தாண்டு கேக், வெட்டக் கூப்பிட்டிருக்கிறார், நானே ஒன்று செய்து எடுத்துப் போகலாமா, இந்துவான நான் கலந்துகொள்ளலாமா, முட்டை சாப்பிட மாட்டேனே என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி.

தாராளமாகப் போங்கள். ஆனால் கேக் செய்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு ஒரே ஒரு பிட்டாதான், காசு அதற்குள்தான் இருக்கும். நீங்களும் ஒன்றை நீட்டினால் எதை வெட்டுவது என்று அவர்கள் முழிப்பார்கள். இனிப்புக் கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு மாதுளம்பழம். புத்தாண்டு பிறந்ததும் வாசலில் அதை உடைப்பார்கள். முத்து எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம். நாம் சிதறுகாய் உடைப்பது போலத்தான்.

நள்ளிரவு தாண்டியதும் 'க்ரோனியா பொல்லா', அதாவது பல்லாண்டு வாழ்க என்று சொல்லிக் கட்டிப்பிடிப்பார்கள். அப்புறம் வீட்டுப் பெரியவர் கத்தியால் கேக் மேல் மூன்று முறை சிலுவை போடுவார். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது 'பனகியா'வுக்கு, அதாவது மாதாவுக்கு. அப்புறம் புனித வாசிலிஸ், வீடு, ஏழை என்று வீட்டுக்கு வீடு வரிசை மாறும். பிறகு மூத்தவர் தொடங்கிக் கடைக்குட்டி வரை ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வெட்டுவார்கள். உங்கள் பெயரும் வரும். ஏதென்ஸில் எனக்கு முதல் வருடம், எண்பது வயதுத் தாத்தா ஒருவர் 'தமிழ்ச்செல்வி'யோடு மூன்று தடவை மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் 'தமி' என்று எனக்கொரு துண்டு வெட்டினார். இங்கே என் நண்பர்களுக்கு இன்றைக்கும் நான் தமிதான்.

துண்டை வாங்கியதும் கடித்துவிடாதீர்கள், பல் போய்விடும். முள்கரண்டியால் கிளறிப் பாருங்கள். 'ஃப்ளுரி' என்கிற அந்தக் காசு கிடைத்தவருக்கு வருடம் முழுக்க யோகம். கத்தி இரண்டு துண்டுக்கு நடுவில் காசில் இடித்தால்தான் வேடிக்கை: யார் பக்கம் அதிகம் என்று அளந்து பார்த்துச் சண்டை போடுவார்கள்.

காசு வைக்கும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் கதை கப்பதோக்கியாவில், இன்றைய துருக்கியில் நடக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்தவர் வாசிலிஸ். கொடுமையாக வரி கேட்டவனுக்குக் கொடுக்க ஊரார் நகையெல்லாம் திரட்டினார்களாம். ஆபத்து நீங்கியதும் எது யாருடையது என்று தெரியவில்லை. ரொட்டிகளுக்குள் வைத்துச் சுட்டு வாசிலிஸ் பங்கிட, அவரவர் நகை அவரவரிடமே போய்ச் சேர்ந்ததாம். அவர் திருநாள் ஜனவரி 1. அதனால் இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தாத்தாவும் அவர்தான், வருவதும் கிறிஸ்துமஸுக்கு அல்ல, புத்தாண்டுக்கு.

செய்யத்தான் ஆசை என்றால் ஜனவரியில் செய்யுங்கள். அலுவலகம், சங்கம், விளையாட்டுக் குழு எல்லாம் பிப்ரவரி வரைகூட பிட்டா வெட்டும். மற்றவர்களுக்காகச் செய்கிற வழக்கமான அளவு இது: 250 கிராம் வெண்ணெய், 350 சர்க்கரை, 5 முட்டை, 200 தயிர், இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல், அரை டம்ளர் சாறு, 500 கிராம் 'ஃபரீனா' மாவு. 170 டிகிரியில் ஒரு மணி நேரம். மாவில்தான் நான் ஏமாந்தேன். 'ஃபரீனா' என்று விற்பதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். அது தெரியாமல் நான் இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டேன். கேக் பொங்கி வழிந்து ஓவன் அடியில் கரிந்து, புகை அலாரம் அலறி, மாடி வீட்டு ஆள் கதவைத் தட்டிவிட்டார். காசைக் கழுவி ஃபாயிலில் சுற்றி, சுட்ட பிறகு அடியில் கீறிச் செருகிவிடுங்கள். இஸ்தான்புல் வழி வந்த குடும்பங்கள் செய்வது வேறு வகை: ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த ரொட்டி, கியோஸ் தீவின் மஸ்திகா பிசின் மணக்கும். அது ஒரு நாள் வேலை, இப்போதைக்கு வேண்டாம்.

முட்டைக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: 'நிஸ்தீசிமோ'. நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம், முட்டையும் பாலும் இருக்காது. கேக்கில் அதை நம்பலாம். சாப்பாட்டில் நம்பாதீர்கள், கணவாயும் இறாலும் இவர்களுக்கு நோன்புக் கணக்குதான்! அந்த வீட்டு பிட்டாவில் முட்டை இருக்கும். முன்னாடியே சொல்லிவிடுங்கள், துண்டை மட்டும் வாங்கிக் காசு தேடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நள்ளிரவுக்குப் பிறகு வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரைப் பொறுத்துத்தான் அந்த வருடம் என்பார்கள். அதற்காகவே யாரையாவது வெளியே அனுப்பித் திரும்பக் கூப்பிடுவார்கள். உங்களை அனுப்பினால் கோபித்துக்கொண்டு துரத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்வார்கள். அது நமக்குச் சொல்லியா தர வேண்டும்?