கை மரத்துவிட்டதா? ஆபரேஷனுக்கு முன் பார்ப்பது எப்படி

முழு மயக்கம் கொடுக்காமல் கையை மட்டும் மரக்கச் செய்யும் ‘பிளாக்’ ஊசி பற்றி வந்த கேள்விகளுக்கு, மயக்க மருத்துவராக என் பதில்கள்.

மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் வைக்கப் போகிறார்கள். ஊசி வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் டாக்டர்?

முதலில் கை கதகதப்பாகும், அப்புறம் கனக்கும். ஆனால் அது போதாது. கைக்குப் போகும் முக்கியமான நான்கு நரம்புகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கச் சொல்வோம், பிறகு நீட்டச் சொல்வோம்; இரண்டும் வெவ்வேறு நரம்பின் வேலை. ஆள்காட்டி விரல் நுனியிலும் சுண்டுவிரலிலும் ஐஸ் வைத்து, மற்ற கையில் இருக்கும் அதே ஜில்லிப்பு இங்கே தெரிகிறதா என்று கேட்போம். “கொஞ்சம் தெரிகிறது” என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். தயங்கித் தலையாட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

நான் மயக்கவியல் மாணவி. முன்கூட்டியே கணிக்க வழி உண்டா சார்?

உண்டு. ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கும் மெல்லிய நரம்பிழைகள் சீக்கிரமே அடங்கும். குழாய்கள் விரிந்து, விரல் சூடாகும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் வரும் பெர்ஃபியூஷன் இண்டெக்ஸும், அதாவது விரலில் துடிக்கும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் எண்ணும், ஏறும். ஊசிக்கு முன்பே அதே விரலில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிந்தைய எண்ணுக்குப் பொருளே இல்லை. 10 நிமிடத்தில் அது சுமார் 1.4 மடங்காகியிருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் கிளிப் மாட்டிய விரலைத்தான் அது பேசுகிறது. ஆள்காட்டி விரலில் எண் ஏறியிருக்க, சுண்டுவிரல் விழித்தே இருக்கலாம். அறை குளிர், ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்து இரண்டும் எண்ணைக் குழப்பும். அல்ட்ராசவுண்டில் மருந்து நரம்பைச் சூழ்வதைப் பார்த்தாலும் ஐஸ் சோதனையை விடாதீர்கள்.

போன தடவை சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரக்கவே இல்லை. ஏன்?

கழுத்தில் போட்ட ஊசியாக இருந்திருக்கும். அங்கே மருந்து, தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு வேர்களில் மேலே உள்ளவற்றை நன்றாகப் பிடிக்கும். சுண்டுவிரலுக்குப் போகும் கீழ் வேர்கள் தப்பிவிடும். தோள் ஆபரேஷனுக்கு அது பொருத்தம், கைவிரலுக்கு அல்ல. அப்படித் தப்பிய நரம்புக்கு மட்டும் முழங்கைப் பக்கம் கொஞ்சம் மருந்து சேர்த்துச் சரிசெய்யலாம்.

மரத்த பிறகும் தொடுவது தெரிந்தால் தோல்வியா?

இல்லை. தொடுவது, இழுப்பது தெரியலாம், வலிக்கக் கூடாது. ரத்த ஓட்டத்தை நிறுத்த மேல்கையில் இறுக்கும் பட்டை வலித்தால் தனியாகச் சொல்லுங்கள். உட்பக்கத் தோலுக்கு மார்பிலிருந்து வரும் நரம்பும் உண்டு. கை பிளாக் அதைத் தொடாது.

ஊசிக்குப் பின் அம்மாவுக்கு ஒரு கண் இமை தொங்கியது. பலித்ததற்கு அடையாளமா?

இல்லை, மருந்து பக்கத்து நரம்புக்கும் பரவியிருக்கிறது. மருந்தின் வேகம் குறைந்ததும் சரியாகிவிடும். மூச்சு முட்டினாலோ, காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மரப்பு வந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

வேலையே செய்யாவிட்டால்?

முதலில் பொறுமை. மரக்க வைக்கும் மருந்துகளில் லிக்னோகெய்னுக்கு 10 முதல் 20 நிமிடம், ரோபிவகெய்ன், பியூபிவகெய்னுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் விட்டுப்போன இடம் இருந்தால் அங்கே கூடுதல் ஊசி. மொத்த மருந்துக்கு எடைப்படி உச்சவரம்பு இருப்பதால் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. அதுவும் பலிக்காவிட்டால் முழு மயக்கம். கைக்கு மட்டும்தானே ஊசி என்று சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்பது இதனால்தான்: திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம்.