மாமியார் பெட்டியில் இருந்த சேலைகள்: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. மாமியார் காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நூல் சேலைகள் (இரண்டு வெங்கடகிரி, மற்றவை கைத்தறி), மாமனாரின் எட்டு முழ வேட்டிகள், குடியாத்தம் கைலிகள், ஒரு நைலக்ஸ் (நைலான்) சேலை, காளஹஸ்தி கலம்காரித் துணி ஒன்று, ஜரிகை வைத்த பட்டு ஒன்று. இதையெல்லாம் சேர்த்து, பள்ளிக்கூடம் போகிற பேத்திக்கு ஒரு பொந்தை (பழந்துணிகளை அடுக்கித் தைக்கிற போர்வை) தைத்துக் கொடுக்க ஆசை. எந்தத் துணி தாங்கும்? சாயம் போகுமா? உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா? வீட்டில் பழைய கால் மிஷின் இருக்கிறது, அதில் தைக்கலாமா, கையால்தான் தைக்க வேண்டுமா?

பதில்: தைக்கலாம் அம்மா. ஆனால் பெட்டியில் இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்க வேண்டாம். பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு ஸ்டீல் தூக்கு வாங்காமல் இதுவரை வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதி, துணியைப் பிரிப்பது. நிறம் பார்த்து, பூ பார்த்து, பார்டர் பார்த்துப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பலம் பார்த்துப் பிரியுங்கள், ஏனென்றால் பழந்துணிப் பொந்தை கிழிவதற்குத் தையல் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை, பலமான துணிக்குப் பக்கத்தில் செத்த துணியை வைத்து இணைத்துவிடுகிறோம், துவைக்கும்போது பலமானது இழுக்கிறது, செத்தது பிய்கிறது.

பலம் பார்ப்பது சுலபம். துணியை ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து, பாவு (நீள இழை) வாக்கில் ஒரு தடவை, ஊடை (குறுக்கு இழை) வாக்கில் ஒரு தடவை, மெல்ல இழுங்கள். கரகரவென்று இழை பிரிகிற சத்தம் கேட்டால் அந்த இடம் போய்விட்டது. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், இழை விலகின இடம் சல்லடை மாதிரி தெரியும். ஒரு சேலை முழுவதும் ஒரே மாதிரி தேய்வதில்லை. உட்காருகிற இடமும் குதிகால் படுகிற கீழ்க்கரையும்தான் முதலில் போகும், முந்தானையும் கொசுவத்துக்கு உள்ளே மடிந்து கிடந்த பகுதியும் பல சேலைகளில் நன்றாகவே இருக்கும். ஆகவே “இந்தச் சேலை உதவாது” என்று மொத்தமாக ஒதுக்காதீர்கள். தேய்ந்ததை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துங்கள்.

வெங்கடகிரி இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். நூறாம் நம்பர் நூல் மாதிரி மெல்லிய நூலில் நெய்கிற துணி அது, கட்டினால் உடம்பில் இருப்பதே தெரியாது, பொந்தையில் அதுவே குறையாகிவிடும், தனியாக இழுவையைத் தாங்காது. முந்தானையில் ஜாம்தானி வேலை (தறியிலேயே கையால் பூ எடுத்து நெய்வது) இருந்தால் வெட்டவே வேண்டாம் என்பேன். வேலைப்பாடு இல்லாத சாதாரணச் சேலை என்றால், ஒரு பழைய வேட்டித் துண்டைப் பின்னால் கொடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே துணியாகப் பாவித்துத் தையுங்கள்.

கலம்காரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காளஹஸ்தியில் துணியில் கையால் சித்திரம் எழுதுகிற இந்தத் தொழில் நலிந்து கிடந்து, 1950களில் கைவினைத் தொழில்களுக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயா எடுத்த முயற்சியில் பயிற்சி மையம் வந்து மறுபடியும் தலையெடுத்தது, உங்கள் மாமியார் வாங்கின துணி அதற்குப் பிறகு வந்ததாக இருக்கலாம். கையால் எழுதினதுதானா என்று பார்க்க, ஒரே பூவை இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள், கோடு கொஞ்சமாவது மாறியிருந்தால் எழுதினது, அச்சு அசலாக இருந்தால் கட்டையால் அச்சிட்டதோ ஸ்க்ரீன் பிரிண்டோதான். எழுதின துணி என்றால் கறுப்புக் கோடுகளை உற்றுப் பாருங்கள். அந்தக் கறுப்பு, இரும்புத் துருவையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிற சாறு, கடுக்காய் ஏற்றின துணியில் பட்டதும் கறுப்பாகிவிடும். அழகான கறுப்பு, ஆனால் அந்த இரும்பு வருஷக்கணக்கில் பருத்தியைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய கலம்காரியில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு மட்டும் கத்தரித்த மாதிரி விட்டுப்போயிருப்பது இதனால்தான். அதைப் பொந்தையில் வைத்து மடக்கி மடக்கித் துவைத்தால் உருவங்கள் கோட்டோடு உதிர்ந்துவிடும். ஆகவே கலம்காரியை வெட்டாதீர்கள். பின்னால் ஒரு காடாத் துணியைக் கொடுத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

பட்டு? அதையும் தொடாதீர்கள். பட்டும் பருத்தியும் துவைத்தால் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஜரிகை மடிப்பில் ஒடிந்து பக்கத்துத் துணியை அறுக்கும், குழந்தைக்கும் குத்தும். பழைய பட்டு கேட்டுத் தெருவில் வருகிறவரிடமும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். அவர் கேட்பது சேலையை அல்ல, ஜரிகையில் இருக்கிற வெள்ளியை. நைலக்ஸ் வேண்டவே வேண்டாம், அது வேர்க்கும், வழுக்கும், ஊசியும் சரியாக ஓடாது. எது பருத்தி எது கலப்பு என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பல் ஆகும். பட்டு, முடி பொசுங்குகிற நாற்றம். பாலியஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும்.

கைலிகள்தான் இந்தக் கூட்டத்தில் பலசாலி. பொந்தையின் அடிப்பக்கத்துக்கும் நாலு ஓரத்துக்கும் கைலியைவிட நல்லது கிடையாது, ஆனால் சாயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை 1960களில் அமெரிக்காவில் “நிச்சயம் சாயம் போகும்” என்றே விளம்பரம் செய்து விற்றார்கள், அங்கே அது நாகரிகம், உங்கள் வெள்ளை வேட்டிக்கு அது நாசம். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏற்கெனவே ஏற்றின சாயத்தை உப்பு பிடித்து வைக்காது, வினிகரும் பருத்தியில் அதைச் செய்யாது. துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான அயர்ன் பாக்ஸை அழுத்துங்கள். கறை இறங்கினால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருங்கள். எத்தனை அலசினாலும் தெளியவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள், அதற்கு மருந்து இல்லை.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும், ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல் போனால் பொந்தை கோணிக்கொள்ளும். முதலில் வெறும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறட்டும், பழைய கஞ்சியும் புழுதியும் அதிலேயே போகும். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது காரமில்லாத சோப்பு. சலவைச் சோடா வேண்டாம், கல்லில் அடிக்கவே வேண்டாம், முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு நிழலில் காயப்போடுங்கள்.

அடுத்து பஞ்சு. நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை. இலவம்பஞ்சு வைத்துத் தைத்தால் முதல் துவையலிலேயே ஒரு மூலையில் உருண்டு உட்கார்ந்துவிடும். பொந்தையின் அடிப்படையே துணி மேல் துணி அடுக்குவதுதான். ஆறு கஜம் சேலை 216 அங்குலம், அதாவது 72 அங்குலத்தில் சரியாக மூன்று துண்டு. எட்டு முழ வேட்டி 144 அங்குலம், இரண்டாக மடித்தால் அதே 72. யோசித்து வைத்த மாதிரி பொருந்துகிறது பாருங்கள். மேலே சேலைத் துண்டுகளை இணைத்த ஒரு பரப்பு, நடுவில் மடித்த ஒரு வேட்டி, அடியில் கைலி, மொத்தம் நாலு அடுக்கு. ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தாராளம். மதனப்பள்ளி, ஹார்ஸ்லி மலைப் பக்கம் குளிருக்கு என்றால் இன்னொரு வேட்டியை மடித்து வைத்து ஆறாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கை வலிக்கும், ஊசியும் ஒடியும்.

மிஷினா கையா என்றால், இரண்டும். மேல் பரப்புக்குத் துண்டுகளை இணைக்க மிஷின்தான் நல்லது, கால் அங்குலம் உள்ளே தள்ளி நேர்த்தையல், இணைத்த இடத்தை ஒரே பக்கமாக மடித்து அயர்ன் பண்ணுங்கள். ரொம்ப நாள் சும்மா இருந்த மிஷின் என்றால் மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பிசுக்கைத் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு, ஒரு வேண்டாத துணியில் நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். ஊசி புதியது போடுங்கள், மெல்லிய சேலைக்கு 11 நம்பர், வேட்டி கைலிக்கு 14. பழைய ஊசி முனை மழுங்கி மெல்லிய இழையை இழுத்துக் கிழித்துவிடும், பத்து ரூபாயைப் பார்க்காதீர்கள்.

ஆனால் நாலு அடுக்கையும் சேர்த்துத் தைக்கிறபோது மிஷினை மூடி வைத்துவிடுங்கள். சாதாரண மிஷினில் கீழே இருக்கிற பல் அடித்துணியை இழுக்கும், மேலே இருக்கிற பாதம் மேல்துணியைத் தடுக்கும், கடைசி வரிசைக்கு வருகிறபோது மேலே ஒரு முழம் மிஞ்சி மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். கையால் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தரையில் அடுக்குகளை விரித்து, நடுவில் இருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, பெரிய பெரிய தற்காலிகத் தையலாக ஒரு கை அகலத்துக்கு ஒன்று போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு சாதாரண ஓட்டுத் தையல், அங்குலத்துக்கு மூன்று நாலு விழுந்தால் போதும், வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி. வட கர்நாடகக் காட்டுப் பகுதிகளில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்கிற ஒட்டுத்துணிப் போர்வையில் மூலையில் ஆரம்பித்து ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள், பார்க்க அத்தனை அழகு. முதல் தடவை தைக்கிறவர்களுக்கு நான் நீளவாக்கில் நேர் வரிசையைத்தான் சொல்வேன், நடுவில் ஒன்று போட்டுவிட்டு இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே போவது, சுருக்கம் விழுந்தால் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம்.

நூல் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள், பருத்தி நூல்தான். பாலியஸ்டர் நூல் பலமானது என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மை, அதனால்தான் வேண்டாம், அந்தப் பலம் வயதான துணியை அறுத்துவிடும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், துணி அறுந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும். உங்கள் பக்கம் நெசவு வீடுகளில் மிச்சப் பாவு நூல் கேட்டால் கிடைக்கும், மூன்று நாலு இழையைச் சேர்த்துக் கோத்தால் கைத்தையலுக்கு அருமையாக இருக்கும், ஆனால் இப்போது பவர்லூமில் பாலியஸ்டர் நிறைய ஓடுகிறது, வாங்குமுன் அந்த நெருப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும்.

எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காததும் நல்லதுதான். வரிசை கோணலாகப் போனால் பிரிக்காதீர்கள், முதல் துவையலில் துணி லேசாகச் சுருங்கி மேலெல்லாம் சின்னச் சின்ன அலையாக எழும்பும், கோணல் அதில் காணாமல் போய்விடும், மிஷின் போட்ட ரஜாய்ப் போர்வையில் இந்த மெத்து வரவே வராது. பேத்தியையும் ஒரு ஓரத்தில் உட்கார வைத்து நாலு வரிசை போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் போடுகிற தையல் ஒன்று எறும்பளவும் ஒன்று பல்லியளவுமாக இருக்கும், இருக்கட்டும். எந்தத் துண்டு யாருடைய சேலை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று தைக்கும்போது பேச்சு தானாக வரும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த மத்தியானப் பேச்சுதான், முடிந்த பொந்தைகூட அதற்கு அப்புறம்தான்.

துவைப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். நனைந்த பொந்தையைக் கொடியில் ஒரு பக்கமாகத் தொங்கவிடாதீர்கள், தண்ணீர்க் கனம் தையலைப் பிய்க்கும், மாடியில் ஒரு பாயை விரித்து அதன் மேல் பரப்பி, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். பெட்டியில் வைக்கும்போது கஞ்சி போடக்கூடாது, கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். வசம்பையோ வேப்பிலையையோ ஒரு துணியில் முடிந்து போடுங்கள். பாச்சை உருண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் காகிதத்தில் சுற்றித் துணியில் படாமல் மூலையில் வையுங்கள், பேத்தி போர்த்துவதற்கு முன்னால் ஒரு நாள் காற்றாட வெளியே போட்டு அந்த வாசனை போன பிறகு கொடுங்கள்.