எதில் ஆர்வம் என்று கேட்டால் பதில் வரவில்லை

கேள்வி: பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், மேலே படிக்கலாமா, வேறு துறைக்கு மாறலாமா என்று பேச்செடுத்தால், “உனக்கு எதில்தான் ஆர்வம்?” என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியதைத் தவிர, தனித்திறமை இருந்ததாக நினைவில்லை. கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் நம் ஆர்வம் தெரிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உண்மைதான். ஆனால், திரும்பிப் பார்க்கும்போது நம் கண்ணில் முதலில் படுபவை பரிசும் கைதட்டலும் மதிப்பெண்ணும்தான் என்பதால், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நினைவின் இயல்பே அப்படிப்பட்டது. உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிகக் குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பது, அதே 60 விநாடியோடு நீர் சற்றே சூடாக்கப்படும் இன்னொரு 30 விநாடியும் சேர்த்து வைத்திருப்பது என்ற இரண்டையும் அனுபவித்தவர்களில் பெரும்பாலோர், மறுமுறை எது வேண்டும் என்று கேட்டபோது நீண்ட வேதனையையே தேர்ந்தெடுத்தார்கள். அதன் முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும் மனத்தில் தங்கிவிடுகின்றன. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பெரிதாகத் தங்குவதில்லை.

ஆகவே, உங்கள் பேச்சுப் போட்டியில் பரிசளிப்பு விழாவை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு முந்தைய நாள்களை நினைத்துப் பாருங்கள். நூலகத்தில் குறிப்புகள் தேடிய நேரம் இனித்ததா, எழுதி அடித்துத் திருத்திய நேரமா, உங்களுக்குப் பின்னால் வந்த சிறுமிகளுக்கு ஏற்ற இறக்கம் சொல்லிக் கொடுத்த நேரமா, மேடையில் நின்ற அந்த ஐந்து நிமிடமா? ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்ததுதான் நடந்தது என்றால், அந்தப் பரிசு உங்கள் நினைவாற்றலுக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு, வேறு பக்கம் தேடுவதே நல்லது.

பறவையியலாளர் சாலிம் அலியும் கணக்கியல் படித்தவர்தான். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைக் குருவியை அடையாளம் காண, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதை எல்லாரும் சொல்வார்கள். அந்தக் குருவியை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால், பையனுக்கு வேட்டையில் ஆர்வம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தவை. குடும்பத் தொழிலைக் கவனிக்க 1914-இல் பர்மாவுக்குப் போனவர், காட்டில் பறவைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1917-இல் திரும்பி வந்து வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கத் தொடங்கியவரை, புனித சவேரியார் கல்லூரியின் பாதிரியார் எத்தல்பர்ட் பிளாட்டர் விலங்கியல் பக்கம் திருப்பினார். பின்னர் பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை நிதியில்லாமல் நீக்கப்பட்டபோது, கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். சூழல் மாறிக்கொண்டே இருந்தும், யாரும் ஏவாமலே அவர் கவனம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் கடந்த காலத்திலும் நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

ஒரு நோட்டில், கேட்டதற்கு மேல் நீங்களாகச் செய்த காரியங்களை எழுதி வாருங்கள். அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இருப்புக் கணக்கும் பில்லும் ஒத்துப்போகாதபோது, வேலை நேரம் முடிந்த பிறகும் அந்த வித்தியாசம் எங்கே நுழைந்தது என்று துழாவிக்கொண்டிருந்தீர்களா? புதிதாகச் சேர்ந்தவருக்கு டேலி கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க நீங்களே முன்வந்தீர்களா? மூன்று பேர் கையால் எழுதிவந்த பட்டியலை யாரும் சொல்லாமலே எக்செல்லில் ஒழுங்குபடுத்தினீர்களா? மூன்றும் கணக்குப் பிரிவில் நடப்பவைதான் என்றாலும், முதலாவது தணிக்கையை நோக்கியும், இரண்டாவது கற்பித்தலை நோக்கியும், மூன்றாவது தரவுப் பகுப்பாய்வை நோக்கியும் போகின்றன. பிடிக்காமல் போனவற்றையும் எழுதுங்கள். வேலை பிடிக்கவில்லையா, வேலை வாங்கிய மனிதரைப் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்த்தால், வேண்டாம் என்று எப்போதோ ஒதுக்கிய ஒன்று மறுபடி மேலே வரலாம்.

தொழில் வழிகாட்டலில் பெயர் பெற்ற அமெரிக்க உளவியலாளர் மார்க் சாவிக்கஸின் நேர்காணல் முறையில், சிறுவயதில் யாரை வியந்து பார்த்தீர்கள், எந்தப் பத்திரிகையையும் நிகழ்ச்சியையும் விடாமல் பார்க்கிறீர்கள், பிடித்த கதை எது, மிகப் பழைய நினைவுகள் எவை என்பன போன்ற கேள்விகள் வரும். தனித்தனியாக இவை சாதாரணமானவை. பதில்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான், திரும்பத் திரும்ப வரும் ஒன்று புலப்படும். நினைவு சொல்வதை மட்டும் நம்பாமல், பழைய நோட்டுகளையும் புகைப்படங்களையும் எடுத்துப் பாருங்கள். எதற்கு உதவி கேட்டு உங்களிடம் வந்தார்கள் என்று பள்ளித் தோழியிடமும் அம்மாவிடமும் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது ஓர் ஊகமே. வேலையை விட அது போதாது. இப்போதைய வேலையில் இருந்துகொண்டே, மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையவழிக் கல்வித் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ஒரு பாடத்தையோ, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு பொறுப்பையோ சில மாதங்கள் எடுத்துப் பாருங்கள். நடுவில் கடினமாகும், அப்போது ‘இது என் ஆர்வமில்லை போலும்’ என்று எண்ணி உடனே கைவிட்டுவிடாதீர்கள். ஆர்வம் பிறவியிலேயே முழுதாக அமைந்துவிடுவது என்று நம்புகிறவர்களே, புதிதாகப் பிடித்த ஒன்று கடினமானதும் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள் என்பதை ஓகீஃப், டுவெக், வால்டன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்கு பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்று தீர்மானிக்க இந்த முறை உதவுமா?
– வாசகர், தென்காசி

பதில்: ஓரளவுக்கே உதவும். பதினைந்து வயதில் திரும்பிப் பார்க்க இருப்பதில் பெரும்பகுதி வகுப்பறைதான். குழப்பம் நீங்காவிட்டால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழி வைத்திருக்கும். ஆனால் அதன் சுமையைத் தாங்க அவன் மனம் ஒப்ப வேண்டும். வணிகவியல்தான் வேண்டும் என்று அவன் தெளிவாகச் சொன்னால், மதிப்பெண் அதிகம் என்பதற்காக மறுக்காதீர்கள். மேலே சொன்ன நோட்டை அவனே எழுதட்டும். அவன் சிறுவயதைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை அவன் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள்.