எஃப்-150: 3.3 போதுமா, 2.7 டர்போவா?

தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வர, எப்போதாவது ஒரு சின்ன டிரெய்லர் இழுக்க 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் பார்க்கிறீர்கள், மைலேஜுக்காக சாதாரண 3.3 லிட்டர் எஞ்சினை விட்டு 2.7 லிட்டர் டர்போ எஞ்சினுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மைலேஜுக்காக மட்டும் என்றால் வேண்டாம். பின்சக்கர இயக்க வண்டியில் அமெரிக்க அரசின் கணக்குப்படி 3.3 எஞ்சின் கேலனுக்கு நகரில் 19 மைல், நெடுஞ்சாலையில் 25. டர்போ 20, 26. ஒரே ஒரு மைல்! டர்போவின் பலம் வேறு இடத்தில்: பாரம் இழுக்க உதவும் முறுக்குவிசை அதில் 400 பவுண்டு-அடி, 3.3-இல் 265தான். ஆனால் பாரம் ஏற்றி மிதித்தால் அதுவும் நன்றாகவே குடிக்கும். உங்கள் சின்ன டிரெய்லருக்கு 3.3 தாராளம், பழைய வண்டியில் பழுதாவதற்கு டர்போ என்ற ஒன்றும் அதில் இல்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அப்புறம், ஆக்சிலின் கியர் விகிதம் 3.73 உள்ளதைவிட 3.55 உள்ளதாகத் தேடுங்கள்; எண் குறைந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்.