நான்கு வயதுக் குழந்தையுடன் சேர்ந்து வீட்டில் பன் சுட முடியுமா?

தாராளமாக முடியும். பெரிய பிரெட்டைவிடச் சின்னச் சின்ன பன்களே நல்லது. சீக்கிரம் வெந்துவிடும், ஆளுக்கு இரண்டு என்றால் சண்டையும் வராது.

250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். விரலைச் சுடும் தண்ணீர் என்றால் ஈஸ்ட் செத்துவிடும். முதல் முறை நான் கொதிநீரை ஊற்றிவிட்டு, மாவு உப்பும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்!

பத்து நிமிடம் பிசைய வேண்டும். குழந்தை இரண்டு நிமிடம் குத்திவிட்டு ஓடிவிடும்; மீதி உங்கள் பாடு. மாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மூடி, மாவு நிற்கும் மட்டத்தில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லுங்கள். இட்லி மாவுக்கு ஓர் இரவு வேண்டும். இதுவோ நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். ரப்பர் பேண்டைத் தாண்டிவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து பார்ப்பார்கள். பச்சை மாவை மட்டும் தின்னவிடாதீர்கள்.

எட்டு உருண்டைகளாக்கி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, சூடேறிய ஓவனில் 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓவன் பக்கம் பெரியவர்கள் மட்டுமே போக வேண்டும்.