கண் தெரியும்போதே கண் கிளினிக் எதற்கு?

கேள்வி: எனக்கு 47 வயது. சீனி வியாதி என்று தெரிந்து எட்டு வருடம் ஆகிறது. மாத்திரையை விடாமல் போடுகிறேன். முற்றல் இலை கலக்காமல்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கிளினிக்கில் வருடா வருடம் கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். போன தடவை கண்ணுக்கு மருந்து விட்டதில், திரும்பி வரும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. நன்றாக இருக்கிற கண்ணை எதற்குக் காட்ட வேண்டும்?
– ஒரு தாய், பொகவந்தலாவ

பதில்: அம்மா, நன்றாகத் தெரிகிற கண்ணைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். கண் மருத்துவராக இந்த மலைநாட்டில் என் மனத்தை மிகவும் வருத்துவது, பார்வை போன பிறகு முதன்முதலாகக் கண் கிளினிக் வாசலுக்கு வரும் சீனி நோயாளிகள்தான். அவர்களில் பலர் உங்களைப் போலவே மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, அதனால் வரவில்லை.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதன் நடுவில் உள்ள ஒரு சின்னஞ்சிறு இடம்தான் கொழுந்தையும் பெயர்ப்பலகையையும் உங்களுக்குக் காட்டுகிறது. இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியே இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமடையும். சில இடங்களில் குமிழ் போல வீங்கும், நீரும் கொழுப்பும் கசியும், சில குழாய்கள் அடைத்தே போய்விடும். இவ்வளவு நடந்தாலும் அந்த நடு இடம் தப்பியிருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரத்தம் கிடைக்காத பகுதியோ புதுக் குழாய்களை வளரவைக்கிறது. அவை உறுதியற்றவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும், அல்லது விழித்திரையையே பிடித்து இழுத்துக் கழற்றிவிடும். முதல்நாள் வரை கொழுந்து பறித்தவர் மறுநாள் தன் கை விரலைக்கூட எண்ண முடியாமல் நிற்பது இப்படித்தான்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. ஊசி சிலருக்கு மங்கிய பார்வையை ஓரளவு மீட்டுத் தரும். லேசரின் வேலை பெரும்பாலும் இருப்பதைக் காப்பது. காப்பதற்குப் பார்வை மிச்சம் இருக்கும்போதே வரவேண்டும்.

உங்கள் வயதில் வருகிற சீனி வியாதி, கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே உடம்பில் இருந்திருக்கக்கூடும். அதனால்தான் நோய் தெரிந்த உடனேயே ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை கண்ணைப் பார்க்கிறோம். ஏற்கெனவே சீனி உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் விழித்திரை நோய் வேகமாக முற்றலாம். உங்கள் மகள்மாருக்கும் சொல்லிவையுங்கள்.

சொட்டு மருந்து கண்மணியை விரிப்பதற்கு. விரித்தால்தான் பின்சுவரை ஓரம் வரை பார்க்க முடியும். மங்கலும் கூச்சமும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் போய்விடும். அன்று துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள், தொப்பியோ குடையோ கொண்டு வாருங்கள், மாலையில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) படிகளில் தனியாக இறங்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் மறக்க வேண்டாம். விழித்திரையில் கசிவு இருந்தால் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்வோம். அங்கேயும் இதே மாதிரி நுண்குழாய்கள்தான் இருக்கின்றன.

ஒரு நாள் பேர் போவது சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் எழுதமாட்டேன். இரத்தப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் ஒரே நாளில் வைத்துத் தர முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். இதை வாசிக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டத்தின் ஒரு டிவிஷனில் (பிரிவில்) உள்ள சீனி நோயாளிகளை ஒன்றுசேர்த்து ஒரு வாகனத்தில் அனுப்ப நிர்வாகத்திடம் பேசுங்கள். சம்பளப் பேச்சுக்குக் கொடுக்கும் அதே அக்கறையை இதற்கும் கொடுங்கள்.

இன்னொன்று. லயத்துக்கே வந்து கண்ணாடி விற்பவர்களிடம் அவசரப்பட்டு வாங்காதீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லையின் நீர்ப்பிடிப்பும் மாறும், கண்ணாடியின் அளவும் மாறும். சீனி சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு எடுக்கும் அளவே நிற்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. காலையில் எழுந்தபோது வலது கண்ணின் கீழ்ப்பாதி மறைத்துவிட்டது. வலி இல்லை. பார்மசியில் சொட்டு மருந்து வாங்கி மூன்று நாளாக விடுகிறோம், குணமில்லை. பிரஷர் இருந்தது, தலைவலி இல்லாததால் மாத்திரையை நிறுத்திவிட்டார்.
– ஒரு மகன், ஹட்டன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பார்த்த அன்றே அப்பாவை உடனே கூட்டிப்போகும்படி பத்திரிகை ஆசிரியர் மூலம் சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை குறைந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. பிரஷர் கூடியவர்களுக்கு விழித்திரையின் நாளம் (இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) அடைத்து இப்படி ஆகலாம். நாடி (இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) அடைத்தால் மணித்தியாலங்களே அவகாசம். விழித்திரை கழன்றிருக்கவும் கூடும். சொட்டு மருந்து இவற்றில் எதையும் திறக்காது, நாளைத்தான் கடத்தும்.

நாடி அடைப்பு என்பது மூளையில் வரும் பக்கவாதத்தின் உடன்பிறப்பு. சில நிமிடம் கண் இருண்டு தானே தெளிந்தாலும் அது எச்சரிக்கைதான். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு நெற்றிப்பொட்டில் வலி, தலைசீவும்போது நோவு, மெல்லும்போது தாடை வலி இருந்து பார்வையும் மங்கினால், நாடி அழற்சியாக இருக்கலாம். அதற்கு அன்றே ஸ்டீரொய்ட் தொடங்காவிட்டால் சில நாளில் மற்றக் கண்ணும் போய்விடக்கூடும்.

பிரஷருக்குத் தலைவலி வரும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துவதை இந்தப் பக்கம் எங்கும் பார்க்கிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. தயவுசெய்து அளந்து பார்க்காமல், டொக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு ஹைட்ரொக்சிக்ளோரோகுயின் 200 மில்லிகிராம் தினமும் ஒன்று போடுகிறேன். கண்ணைக் கெடுக்கும் என்று ஒருவர் சொன்னதால் நிறுத்திவிட்டேன். என் எடை 46 கிலோ.
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: டீச்சர், மூட்டுவாத டொக்டரிடம் பேசி, அவர் சம்மதித்தால் மறுபடியும் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. உங்களுக்கு 230 வரை போகலாம், நீங்கள் போடுவது 200. இந்த அளவில் முதல் ஐந்து வருடத்தில் ஆபத்து மிகக் குறைவு. தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரையைச் சோதித்தால் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வருடாந்தச் சோதனையை முன்னதாகவே தொடங்க வேண்டும், அதைச் சொல்லிவிடுங்கள். மருந்தை விட்டு மூட்டுவாதம் பொங்கினால் அதுவே கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தாக்கக்கூடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குக் கண் வலித்துச் சிவந்தால் அதுதான் அடையாளம்.

கேள்வி: மருத்துவிச்சி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருக்கிறது என்றார். கரட் சாப்பிட்டால் சரியாகுமா?
– இளம் தாய், மஸ்கெலியா

பதில்: கரட் நல்லதுதான் மகள், ஆனால் அது தருவது விற்றமின் ஏ. இமையின் உள்பக்கம் வெளிறுவது இரத்தம் குறைந்ததற்கான அடையாளம், உங்களுக்கு வேண்டியது இரும்புச்சத்து. முதலில் இரத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கீரை, பருப்பு, நெத்தலி, ஈரல் எது கிடைத்தாலும் சாப்பிடுங்கள், கூடவே தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். ரொட்டியோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். தேயிலைச் சாயம் உணவில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளித் தேநீர் குடியுங்கள். மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள்.